தடைக்காலம் ஃபோல்டரில் கிடந்த உன் மெயில்

கண்ணு,

எழுத ஆரம்பிக்கும் முன்பே, எந்த அக்கவுன்டிலிருந்து போகிறது என்று மேலே பார்த்துவிட்டேன். கம்பெனி பெயர் இல்லை, என் பெயர்தான் இருக்கிறது. அடியில் கம்பெனி விலாசம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்தேன், இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவாமல் அப்படியே போட்டுவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதம் நீளமாகத்தான் இருக்கும். வழக்கம்போல மேலிருந்து கீழே ஓர் ஓட்டம் ஓட்டிவிட்டு "சூப்பர்மா" என்று ஒரு வரி போட்டுத் தப்பித்துக்கொள்ளாதே. உட்கார்ந்து படி.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அதையும் இதையும் பேசிவிட்டு, கடைசியில் உடம்பைப் பார்த்துக்கொள் என்று முடித்துவிடுவேன். என் லட்சணம் எனக்குத் தெரியும். சித்திரை மாதம் நீ எனக்கு ஒரு மெயில் அனுப்பினாய். அதை நான் அப்போது படிக்கவில்லை. அடுத்த வாரம் போனில் நீ கேட்டபோது, படித்துவிட்டேன் என்று சொன்னேன். அது பொய். ஆனி பிறந்து, படகெல்லாம் கடலுக்குப் போன பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. பட்ட பிறகும் உன்னிடம் வாய் திறக்கவில்லை. அம்மா படித்துப் பார்த்துவிட்டு, மகன் வீட்டுக்கு வர வேண்டாம் என்று நினைத்துவிட்டாள் என்றுதான் நீ இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாய். அதே நம்பிக்கையோடு நீ மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிடுவாயோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

எப்படி நடந்தது என்று கேட்பாய். நீ எதையும் எப்படி நடந்தது என்று கேட்கிற பிள்ளை. சின்ன வயதில் ரேடியோவைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாட்டு எந்த வழியாக வருகிறது என்று கேட்டவன். அதனால் ஆதியிலிருந்தே சொல்கிறேன்.

போன வருஷம் பொங்கலுக்கு வந்திருந்தபோது நீதான் இந்த லேப்டாப்பில் எனக்கு மெயிலைச் சரிசெய்து கொடுத்தாய். அதுவரை என் சொந்த மெயில் போனிலும், கம்பெனி மெயில் லேப்டாப்பிலுமாக இருந்தன. போனில் இடம் இல்லை, இடம் இல்லை என்று அது தினமும் அழுதுகொண்டிருந்ததால், சொந்த மெயிலைப் போனிலிருந்து எடுத்துவிட்டு இரண்டையும் லேப்டாப்பில் ஒரே இடத்தில் பார்க்கிற மாதிரி வைத்தாய். கம்பெனிக்கு நீலம், நமக்குப் பச்சை என்று நிறம்கூடப் போட்டாய். "ஒரே புரோகிராம்தாம்மா, ஆனா ரெண்டும் வேற வேற. ஒண்ணோட ஒண்ண கலந்துடாத" என்றாய். "அஞ்சறைப் பெட்டி மாதிரியா?" என்று கேட்டேன். "கரெக்டு. கடுகுல மொளகாத்தூள் வுழக்கூடாது" என்றாய். காலையில் நீலத்தைத் திற, மதியம் சாப்பிட்ட பிறகு பச்சையைத் திற, எழுதும்போது யார் பெயரில் போகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள். அவ்வளவுதான் நீ சொன்னது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னாய்.

நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தேன். பிறகு பழைய குணம் வந்துவிட்டது. உன் பிறந்தநாளுக்கு நான் அனுப்பிய வாழ்த்து ஞாபகம் இருக்கிறதா? உருகி உருகி எழுதியிருந்தேன். அது நீலத்திலிருந்து போய்விட்டது. அடியில் கம்பெனி பெயர், தேங்காய்த்திட்டு துறைமுகம் என்ற விலாசம், அதற்கும் கீழே "சரக்கில் குறை இருப்பின் வந்து சேர்ந்த அன்றே தெரிவிக்கவும், பின்னர் வரும் புகார்கள் ஏற்கப்பட மாட்டாது" என்ற வரி. நீ உடனே போன் போட்டு, "ஏம்மா, சரக்கு வந்து இவ்ளோ வருஷம் ஆயிடுச்சே, இப்ப கொறை சொன்னா எடுத்துக்குவியா?" என்று கேட்டாய். ஆபீஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தேன். இன்னொரு தடவை உனக்கு எழுதியது கொச்சியில் நம்மிடம் மீன் வாங்குகிற வியாபாரிக்குப் போய்விட்டது. "கண்ணு, நேரத்துக்குச் சாப்பிடுறியா?" என்று கேட்டிருந்தேன். அந்த மனிதர் மரியாதையாக, சாப்பிட்டேன், விசாரித்ததற்கு நன்றி, வஞ்சிரம் இன்று என்ன விலை என்று பதில் போட்டிருந்தார். இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரித்ததோடு விட்டேனே தவிர, திருந்தவில்லை. இரண்டு இடத்தில் போய்ப் பார்ப்பது தொல்லையாக இருக்கிறது என்று, ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள வருகிறவரிடம் சொல்லி இரண்டையும் ஒரே இன்பாக்ஸாக ஆக்கிக்கொண்டேன். நீலமும் பச்சையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். உன்னிடம் சொல்லவில்லை, திட்டுவாய் என்று.

இந்த இடத்தில் நம் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற அந்த ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். அது உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அதை ஏற்படுத்தியவள் நான். நீ சென்னை வேலைக்குப் போகிறேன் என்றபோது போனில் நாம் போட்ட சண்டையை அக்கம்பக்கம் எல்லாம் கேட்டது. உன் அப்பா இருந்திருந்தால் குறுக்கே வந்து இரண்டு பேரையும் அடக்கியிருப்பார். அவர் போய்ச் சேர்ந்து, நான் வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து நம் வீட்டில் குறுக்கே வர ஆள் இல்லை. நீ ஒன்று சொல்ல, நான் ஒன்பது சொல்ல, கடைசியில் நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகுதான் சொன்னேன், இனிமேல் சாப்பாடு, மழை, வெயில் எல்லாம் போனில் பேசுவோம், மனசுக்குக் கனமான விஷயம் எதுவானாலும் மெயிலில் எழுது, நான் ஆற அமரப் படித்து எழுதுகிறேன், பதில் வருகிறவரை அதைப் பற்றிப் போனில் பேச வேண்டாம் என்று. நல்ல ஏற்பாடுதான். அதற்குப் பிறகு நாம் சண்டையே போடவில்லை. வீட்டு லோன் விஷயத்தை அப்படித்தான் முடித்தோம். அப்பாவின் திதியை எங்கே கொடுப்பது என்பதையும் அப்படித்தான் முடித்தோம். நீ அந்த ஏற்பாட்டை ஒரு நாளும் மீறவில்லை. நான் போட்ட விதியை நீ ஒழுங்காகக் காப்பாற்றினாய் என்பதுதான் இப்போது எனக்கு அதிகம் வலிக்கிறது.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தது. உனக்குத் தெரியாததா, விசைப்படகு எல்லாம் கரையில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், ஏலக்கூடத்தில் நாய் படுத்திருக்கும், ஐஸ் உடைக்கிற சத்தம் இல்லாமல் காது அடைத்த மாதிரி இருக்கும். ஆனால் வெளியூர் வியாபாரிகளுக்கு அது எங்கே ஞாபகம் இருக்கிறது? சங்கரா இருக்கிறதா, கொடுவா இருக்கிறதா என்று மெயில் வந்தபடியே இருக்கும். முதலாளி சொன்னார், "வர்ற மெயிலுக்கெல்லாம் தானா பதில் போற மாதிரி போட்டுடுங்கம்மா. படகு போனப்புறம் மொத்தமா பாத்துக்கலாம்." கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். எனக்கு ரோஷம். நானே செய்கிறேன் என்றேன். செய்தேன். வருகிற மெயிலுக்கு ஒரு பதில் போக வேண்டும், அந்த மெயில் படித்ததாகக் குறிக்கப்பட்டு 'தடைக்காலம்' என்ற ஃபோல்டருக்குள் போய்விட வேண்டும். எந்த அக்கவுன்டுக்கு என்று அது கேட்டது. கேட்காமல் இருந்ததா என்றால், கேட்டது. எல்லாவற்றுக்கும் என்று அழுத்தினேன். அழுத்திவிட்டு முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டி, பலே என்று பெயரும் வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து என் இன்பாக்ஸ் காலி. என் உத்தியோக வாழ்க்கையில் அப்படி ஒரு காலியான இன்பாக்ஸை நான் பார்த்ததே இல்லை. காலையில் திறப்பேன், ஒன்றும் இருக்காது, துடைத்து வைத்த சமையல் மேடை மாதிரி இருக்கும். பார்த்துப் பார்த்து ரசித்தேன் கண்ணு. அதற்குள்தான் நீ எழுதினாய்.

நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்வது அசிங்கம்தான். ஆனால் நான் நிஜமாகவே படித்துவிட்டேன் என்று உனக்கு எப்படிக் காட்டுவது? "அம்மா, என்னால இங்க முடியல. வேலைய வுட்டுட்டேன். அவங்க அனுப்பல, நானே வுட்டுட்டேன். காலைல எழுந்து பல்லு வெளக்குறதே மலையா இருக்கு. கொஞ்ச நாள் நம்ம வூட்டுக்கு வந்து சும்மா இருக்கட்டுமா? ஏன், எதுக்குன்னு கேக்காத. போன்ல பேசுனா நான் அழுதுடுவேன். 'வா'ன்னு மட்டும் எழுது, வந்துடுறேன்." இதுதான் நீ எழுதியது. ஒரு வார்த்தை கேட்டாய். அதற்குப் போன பதிலும் அந்த ஃபோல்டரிலேயே, உன் மெயிலுக்கு அடியிலேயே இருந்தது. "வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் நடைபெறுவதால் தற்போது எந்தக் கோரிக்கையும் ஏற்கப்பட மாட்டாது. படகுகள் கடலுக்குச் சென்ற பிறகு தொடர்பு கொள்ளவும். தங்கள் பொறுமைக்கு நன்றி." நான் எழுதிய வாசகம். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நான்கு தடவை படித்துப் பார்த்து எழுதிய வாசகம்.

அது மெஷின் அனுப்பியது என்று உனக்குத் தெரிந்திருக்கும். நீ அதற்காக மனசு உடைகிற ஆள் இல்லை. சிரித்துக்கூட இருப்பாய். அதனால்தான் பொறுத்திருந்து, அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் மெதுவாகக் கேட்டாய். ஏற்பாட்டை மீறாமல், விஷயத்தைச் சொல்லாமல் கேட்டாய். "மெயில் பாத்தியாம்மா?" நான் அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "பாத்தேன், பாத்தேன்" என்றேன். "ஒண்ணும் சொல்லலியே?" என்றாய். அதற்கு முந்தின வாரம், கண் ஆஸ்பத்திரி விவரம் மெயிலில் அனுப்பியிருக்கிறேன், போய்க் கண்ணைக் காட்டு என்று நீ என்னை நச்சரித்திருந்தாய். அதையும் நான் பார்க்கவில்லை. அதைத்தான் கேட்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். "அதுக்கு இப்ப என்ன அவசரம்? தடைக்காலம் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றேன். மெஷின் சொன்னதையே நானும் என் வாயால் சொன்னேன். நீ, "சரிம்மா. கீர ஆயறியா? ஆயி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். இன்றைக்கு என்ன இவன் சீக்கிரம் வைத்துவிட்டான் என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்துவிட்டுக் கீரையைக் கழுவப் போனேன்.

தப்பைப் புரோகிராம் தலையில் போட்டுவிட எனக்கும் ஆசைதான். ஒரு பட்டனை மாற்றி அழுத்தியதற்காக யாரும் யாரையும் தூக்கில் போட மாட்டார்கள். ஆனால் நீ கேட்டபோது "இன்னும் பாக்கலடா, இரு, பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பட்டனால் என்ன கெட்டிருக்கும்? ஒன்றும் கெட்டிருக்காது. கெடுத்தது என் வாய்தான். "பாத்தேன், பாத்தேன்." இது எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். உன் அப்பா போன பிறகு துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏலக்காரர், லாரிக்காரர், ஐஸ்காரர் என்று சுற்றிலும் ஆம்பளைகள். தெரியாது என்று ஒரு தடவை சொன்னால், "அதுக்குத்தான் பொம்பளைய வைக்காதன்னு சொன்னேன்" என்று என் காதில் விழுகிற மாதிரியே பேசுவார்கள். அதனால் எதைக் கேட்டாலும் தெரியும் என்று சொல்லிவிட்டு, அப்புறம் ஓடிப்போய்த் தெரிந்துகொள்வேன். லாரி கிளம்பிவிட்டதா? கிளம்பிவிட்டது. பில் போட்டாச்சா? போட்டாச்சு. அங்கே அது என்னைக் காப்பாற்றியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அதை அங்கேயே, நீலத்திலேயே வைத்திருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துவந்து பெற்ற பிள்ளையிடம் பேசியிருக்கக் கூடாது. நீ பள்ளிக்கூடத்தில் வரைந்த படத்தைக் காட்டும்போதுகூட, திரும்பிப் பார்க்காமலேயே "பாத்தேன், நல்லாருக்கு" என்று நான் சொல்வேன் என்று நீயே ஒரு தடவை கிண்டல் செய்திருக்கிறாய். எனக்கு அன்று அது கிண்டலாக மட்டும்தான் கேட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வருகிறேன் என்பதை ஒரு பிள்ளை ஏன் கேட்டுவிட்டு வர வேண்டும்? சாவி உன்னிடம் இருக்கிறது. பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் நம் உழவர்கரையில் இறங்கிவிடலாம். நீ கேட்டதற்கும் காரணம் நான்தான். எதிர்வீட்டுப் பையன் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தானே, அப்போது நீயும் லீவில் வந்திருந்தாய். உன் எதிரிலேயே சொன்னேன், "அவங்க அம்மா காட்டுக் கத்தலா கத்தி படிக்க வெச்சா. இவன் தோத்துப் போயி வந்து குந்திக்கிட்டான் பாரு." நீ செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாய். அடுத்தவர் வீட்டுப் பிள்ளையைப் பற்றி வாய்க்கு ருசியாகப் பேசிய பேச்சு, நம் வீட்டுப் பிள்ளைக்கு நம் வீட்டு வாசலையே அடைத்துவிட்டது. இது எனக்கு உன் மெயிலைப் படித்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பையனைப் பார்த்து நேற்று, "சாப்டியாப்பா?" என்று கேட்டேன். அவன் பயந்து போய் உள்ளே எழுந்து போய்விட்டான்.

ஆனியில் படகுகள் போயின. முதல் நாள் மீன் வந்து இறங்கி, துறைமுகமே கல்யாண வீடு மாதிரி இரைச்சலாக இருந்தது. நான் ஆபீஸில் உட்கார்ந்து 'தடைக்காலம்' ஃபோல்டரைத் திறந்து, ஒவ்வொரு வியாபாரிக்கும் பதில் போட்டுக்கொண்டு வந்தேன். கொச்சி, பெங்களூர், திருச்சூர். நடுவில் பச்சையாக ஒரு வரி. உன் பெயர். கண் ஆஸ்பத்திரி விவரமும் இருந்தது. அதற்கு மேலே இது. வெளியே ஏலம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், "அம்மா, லாரி நிக்குது, பில்லு குடுங்க" என்று ஒருவர் வந்து நிற்கிறார். பில்லை எழுதிக் கொடுத்தேன். பெயரை மாற்றி எழுதிவிட்டேன் என்று பிறகு திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஐஸ் அறைக்குப் பின்னால் போய் நின்று உனக்குப் போன் போட்டேன். நீ எடுத்து, "என்னம்மா, இந்நேரத்துல?" என்றாய். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போட்டேன் கண்ணு. உன் குரல் நன்றாக இருந்தது. தெளிவாக இருந்தது. அதைக் கேட்டதும், நல்லபடியாகத்தானே இருக்கிறான், இப்போது போய் எதற்குக் கிளறுவது என்று என் மனசு சாக்குக் கண்டுபிடித்துவிட்டது. "சாப்டியா?" என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாய். மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது, விசா வந்துகொண்டிருக்கிறது என்றும் அப்போதுதான் சொன்னாய். ஊருக்கு எப்போது வருகிறாய் என்றேன். "இல்லம்மா, நேரா சென்னையிலேர்ந்தே ஏறிக்கிறேன். உனக்கு எதுக்குச் செரமம்?" என்றாய். செரமம் என்ற அந்தச் சொல்லை நீ இதற்கு முன் என்னிடம் சொன்னதே இல்லை.

அதோடு முடிந்திருந்தால்கூட நான் இன்னும் கொஞ்ச நாள் கோழையாகவே இருந்திருப்பேன். போன வாரம் பெரிய மார்க்கெட்டில் உன் சிநேகிதன் பாஸ்கரின் அம்மாவைப் பார்த்தேன். உப்பளத்தில் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார்களே, அந்த அம்மாதான். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க புள்ள தங்கமான புள்ளைங்க. சித்திரையில வந்து எங்க வூட்ல தங்குனானே, ஒரு தொந்தரவு கெடையாது. நாள் பூரா படுத்தே கெடப்பான், சாயங்காலமானா பாஸ்கரு இஸ்துக்கினு பீச்சுக்குப் போவான். மொதல்ல சோறே எறங்கல. அப்புறம் சொரக்கா கூட்டு வெச்சா ரெண்டு தடவ கேட்டு வாங்கித் தின்னான். ஏங்க, உங்க வூட்ல ஆளு தங்க வெச்சிருக்கீங்களா, எடமில்லன்னு சொன்னானே?" என்றார். அந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியுங்க, தெரியும். சொன்னான்" என்றேன். திரும்பவும். வாயில் வந்துவிட்டது. என்னை அடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது. ஒரு காய் வாங்காமல் வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

நம் வீட்டிலிருந்து உப்பளம் என்ன தூரம்? நீ இதே ஊரில், இதே வெயிலில் படுத்துக் கிடந்திருக்கிறாய். நான் ஒரு நாள் ஸ்டேடியம் வழியாகத்தான் ஆட்டோவில் போனேன், பேங்குக்கு. அம்மாவுக்கு அசிங்கம் வரக்கூடாது என்று, இடமில்லை என்று ஒரு பொய் வேறு சொல்லியிருக்கிறாய். அது பொய்கூட இல்லை. தடைக்காலத்தில் ஆபீஸுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று பழைய பில் கட்டுகளை, பிரின்டரை, காலி அட்டைப்பெட்டிகளை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து உன் கட்டிலின்மேல்தான் அடுக்கியிருந்தேன். யார் வரப் போகிறார்கள் என்று நினைத்தேன். நீ உண்மையாகவே வந்து கதவைத் திறந்திருந்தாலும் உட்கார இடம் இருந்திருக்காது. உனக்குச் சுரைக்காய் பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. நம் வீட்டில் நீ அதை ஒதுக்கித்தான் வைப்பாய். அந்த அம்மா எப்படிச் செய்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ போகிற இடத்தில் உனக்கும் கம்பெனி மெயில் ஒன்று கொடுப்பார்கள். அதையும் உன் சொந்த மெயிலையும் ஒரே இடத்தில்தான் நீயும் வைத்துக்கொள்வாய். வைத்துக்கொள், தப்பில்லை. ஆனால் எந்த விதி போட்டாலும் அது யாருக்கெல்லாம் பொருந்தும் என்று பார்த்துப் போடு. இன்பாக்ஸ் காலியாக இருந்தால் சந்தோஷப்படாதே, சந்தேகப்படு. யாராவது "பார்த்தாயா?" என்று கேட்டால், பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல். அதைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகாது, கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. நாளைக்கு உனக்கு ஒரு குடும்பம் வந்து, உன் பிள்ளை ஏதாவது காட்டும்போது, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார். நான் உனக்குப் புத்தி சொல்லத் தகுதியானவள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பழக்கதோஷம், சொல்லிவிட்டேன்.

உன்னிடம் மன்னிப்பு கேட்டால் "அதெல்லாம் வுடும்மா" என்று உடனே சொல்லிவிடுவாய். அதனால் அதைக் கேட்கவில்லை. நீ விட்டுவிடக் கூடாது. கோபம் இருந்தால் வைத்துக்கொள். போனில் கத்த வேண்டுமென்றால் கத்து, அக்கம்பக்கம் கேட்கட்டும். அந்த மெயில் ஏற்பாட்டை இன்றோடு நான் எடுத்துவிட்டேன். கனமான விஷயமானாலும் போன் போடு, நடுராத்திரி என்றாலும் போடு. சண்டை வந்தால் வரட்டும், போனில் நீ அழுதால் நானும் சேர்ந்து அழுகிறேன். அழுவது சத்தமாகக் கேட்டிருந்தால் நான் அன்றே கீரையைப் போட்டுவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறியிருப்பேன்.

இரண்டு இன்பாக்ஸையும் நேற்று பழையபடி பிரித்துவிட்டேன். யாரையும் கூப்பிடவில்லை, நீ சொல்லிக் கொடுத்ததை ஞாபகம் வைத்து நானே செய்தேன். பச்சையை மறுபடி போனிலும் போட்டுவிட்டேன். இடம் வேண்டுமே என்று கோயில் போட்டோக்களையும், குட் மார்னிங் பூக்களையும் அழித்தேன். உன் கட்டிலில் இருந்த பில் கட்டு, பிரின்டர் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றி ஆபீஸுக்கு அனுப்பிவிட்டேன். முதலாளி, இங்கே எங்கேம்மா வைப்பது என்று முனகினார். அது உங்க பாடு என்றேன். மெத்தையை மாடியில் போட்டுக் காயவைத்து, உறை மாற்றியிருக்கிறேன்.

உனக்கு விமானம் இந்த வெள்ளிக்கிழமை என்று சொன்னாய். அதற்குள் வர முடியுமா, மூட்டை கட்டுகிற வேலை இருக்குமா, அல்லது அம்மா முகத்தில் முழிக்கவே பிடிக்கவில்லையா, எனக்குத் தெரியாது. இந்தத் தடவை நிஜமாகவே தெரியாது கண்ணு. ஆனால் இந்தக் கடிதத்தைப் புதிதாக எழுதி அனுப்பவில்லை. உன் சித்திரை மெயிலைத் திறந்து, அதற்குப் பதில் என்று அழுத்தி, அந்த மெஷின் பதிலுக்கு மேலேதான் எழுதிக்கொண்டு வந்தேன். நீ அதில் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. ஏன், எதற்கு என்று கேட்க மாட்டேன்.

வா.

அம்மா